முக்கல் மேட்டில் காப்பாற்றப்பட்ட மோட்டார் தொழில்

நாட்டில் கார் விற்கவில்லை. அதற்குக் காரணம் மஞ்சக்குட்டை செங்கோடன்.

சிரிக்காதீர்கள். அரசாங்கம் ஆற அமர யோசித்து எடுத்த முடிவு இது. சம்பந்தப்பட்ட செங்கோடனுக்குத்தான் விஷயம் கடைசியாகத் தெரிந்தது. அவன் பாட்டுக்கு மலை மேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஜீப்பை நிறுத்தி, "மஞ்சக்குட்டை, மஞ்சக்குட்டை" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதன் இடது பக்கத்தில் 'மோட்டார் தொழில் மீட்பு மற்றும்' என்று எழுதியிருந்தது. மீதியைப் படிக்க வேண்டுமானால் காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போக வேண்டும். அங்கே 'வேலைவாய்ப்புப் பாதுகாப்பு இயக்ககம்' என்று இருந்தது. செங்கோடன் இடது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, யாரோ ஏதோ மீட்க வந்திருக்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

காரிலிருந்து இறங்கியவர் இயக்குநர் வெங்கடாசலம். சலவை மடிப்புக் கலையாத ஆள். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்கின் மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"இது எப்போது வாங்கியது?"

"எங்கப்பன் காலத்துலங்க."

"வழியில் நின்றுபோனது உண்டா?"

"கெடையவே கெடையாதுங்க." செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை. நல்லதுக்குத்தான் கேட்கிறார் என்று எண்ணி, கூடவே ஒரு தகவலையும் சேர்த்துக்கொடுத்தான். "இன்னும் ஒரு தலமொறைக்கு ஓடுமுங்க."

வெங்கடாசலம் கண்ணை மூடித் திறந்தார். "கேட்டீர்களா?" என்றார் பின்னால் நின்ற உதவியாளர்களிடம். "தொழில் ஏன் படுத்தது என்று டெல்லியில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காரணம் இங்கே நின்று பெருமை பேசுகிறது."

செங்கோடன் திருதிருவென்று விழித்தான். வேறென்ன செய்வான்?

அடுத்த வாரம் ஏரிக்குப் பக்கத்து மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். ஷேர் ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்று ஆணை. எல்லாரும் என்றால் செங்கோடன் ஒருத்தன்தான்; மற்றவர்கள் ஆணை என்ற சொல்லைக் கேட்டதுமே அவரவர் ஜீப்போடு எஸ்டேட் பக்கம் மறைந்துவிட்டார்கள். வரச்சொன்னார்களே, போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று போனவன் இவன். அவன் குணமே அப்படி. யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்பான். 'ஆவாது' என்று அவன் வாயிலிருந்து வந்து அவன் பெண்டாட்டி மாதம்மாளே கேட்டதில்லை.

காலி நாற்காலிகளைப் பார்த்து வெங்கடாசலம் பேசினார்.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் மலைவாழ் மக்களே! பொருளாதாரம் என்றால் என்ன? ஒரு வண்டி கெட்டுப்போனால் இன்னொரு வண்டி விற்கும். இதுதான் பொருளாதாரம். கெடாத வண்டியை வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்டிக்கொண்டே இருந்தால், அவர் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன். கீழே ஒரு மாபெரும் தொழிற்சாலை மூடும் நிலையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள்! அவர்களைக் காப்பாற்ற அரசு அள்ளிக் கொடுத்த பணத்தில்தான் இந்த இயக்ககமே எழுந்து நிற்கிறது. இன்று தொழிற்சாலையில் இருப்பவர்களைவிட இயக்ககத்தில் அதிகம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால், வேலைவாய்ப்பு பெருகவில்லை என்று யார் சொல்ல முடியும்?"

யாரும் சொல்லவில்லை. பிறகு, "இதோ, காப்பாற்றப்பட்ட ஒரு வேலை!" என்று கையைக் காட்டினார். திரைக்குப் பின்னாலிருந்து நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். அவருக்கு மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். மாலையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் அந்த நீலச் சட்டைக்காரரிடம் செங்கோடனே போய்ப் பேச்சுக் கொடுத்தான். பேர் லூர்துராஜ், தொழிற்சாலையில் காருக்குக் கதவு மாட்டுகிறவராம்.

"இப்ப மாட்டறதில்லீங்களா?"

"எங்கங்க! ஊர் ஊரா மேடையில நிக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு. நேத்து நாமக்கல்ல காப்பாத்துனாங்க, இன்னைக்கு இங்க, நாளைக்குத் தர்மபுரி. கதவு எந்தப் பக்கம் திறக்கும்னே மறந்துடும்போல."

"மத்தவங்கல்லாமுங்க?"

"வீட்ல இருக்காங்க." லூர்துராஜ் டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்தார். "என் ஒருத்தனைக் காப்பாத்தவே இவங்களுக்கு மூச்சு முட்டுது."

செங்கோடனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. நம்ம ஜீப் ஓடுவதாலா இந்த மனுசன் கதவு மாட்டாமல் நிற்கிறார்? இதை மாதம்மாளிடம் கேட்டே விட்டான். அவள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஆமாமா. நாளைக்கு நீங்களே போயி எல்லாக் கதவையும் மாட்டியுட்டு வந்துருங்க" என்றாள். "அந்தாளு ஜீப்ப என்ன பண்ணச் சொல்றான், அதச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னான். லூர்துராஜின் கம்பெனி 'மலைவேந்தன்' என்று ஒரு வேன் செய்திருக்கிறது. நாட்டில் யாரும் வாங்கவில்லை. அதனால் மலைக்காரர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய ஜீப்பைக் கீழே கொண்டுபோய் நசுக்கிவிடுவார்கள். ஆனால் அரசு யாரையும் வற்புறுத்தாது. ஒரு சோதனை ஓட்டம் உண்டு. மலைவேந்தன் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டை போய்ச் சேராவிட்டால் ஜீப்புக்கு விலக்கு. சேர்ந்துவிட்டால், வெங்கடாசலம் சொன்னபடி, "உங்கள் ஜீப் மரியாதையுடன் நசுக்கப்படும்."

மாதம்மாள் பொசுக்கென்று உட்கார்ந்தாள். அந்த ஜீப்பில்தான் அவள் பிள்ளை பெறப் போனாள். ஊருக்குள் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அந்த ஜீப்தான். செங்கோடனுக்குச் சொந்தமென்று காட்ட இந்த உலகத்தில் அது ஒன்றுதான் உண்டு. ஜீப் போய்விட்டால் அவனை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவன் பேரே 'ஜீப்புக்காரர்'தானே! இதையெல்லாம் நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கி, உடனே ஆத்திரமும் வந்தது.

"அந்த வேனு முக்கல் மேடு ஏறாது" என்றாள் எழுந்து. "ஏறாத மாதிரி நாம பாத்துக்கலாம்."

முக்கல் மேடு என்பது மஞ்சக்குட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் செங்குத்தான ஏற்றம். ஒரு காலத்தில் ஜீப்புக்குக் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனபோது, ஆட்களை இறக்கி நடக்கவிட்டுத்தான் செங்கோடன் மேடேற்றினான். பிளேட்டை மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் ஜனங்கள் இறங்குவதை மட்டும் விடவில்லை. மேட்டடியில் கியர் மாறுகிற சத்தம் கேட்டால் போதும், ஆணும் பெண்ணும் பேச்சை நிறுத்தாமலே இறங்கி, நடந்து, மேலே போய் ஏறிக்கொள்வார்கள். வேண்டாமென்று செங்கோடனே சொல்லிப் பார்த்தான். "பாவம், அதுக்கும் வலிக்குமல்லோ" என்றுவிட்டார்கள்.

சோதனை நாளுக்கு மாதம்மாள் ஆள் பொறுக்கினாள். மஞ்சக்குட்டையிலும் பக்கத்து ஊரான தலைச்சோலையிலும் எடை கூடினவர்கள் யார் யாரோ அத்தனை பேரும் வந்தார்கள். தலைமை காளியாயி. சந்தையில் கொய்யாவும் ஆரஞ்சும் விற்கிறவள். அவள் ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து வணக்கம் சொல்லும்.

"இன்னும் ரெண்டு தோசை போடு மாதம்மா" என்றாள் காளியாயி காலையிலேயே. "நம்ம ஜீப்புக்காவத் தின்னறேன்." நாலு தின்றாள்.

ஆளோடு மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏறின. வெங்கடாசலம் பார்த்து உச்சி குளிர்ந்துபோனார். "மக்களின் ஆர்வத்தைப் பாருங்கள்! பழத்தோடு வருகிறார்கள்!" செங்கோடனையும் 'பயனாளி' என்று அட்டை மாட்டி உள்ளே உட்கார வைத்தார்கள். ஓட்டுவதற்குக் கம்பெனி ஆள். வெங்கடாசலம் தன் காரில் முன்னாலே போய் மேட்டு உச்சியில் கேமராக்காரரோடு காத்திருந்தார்.

மலைவேந்தன் ஆரம்பத்திலேயே இருமியது. ஊர்களைத் தாண்டி, தோட்டங்களைத் தாண்டி, ஒருவழியாக மேட்டடிக்கு வந்தது. உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்களால் முடிந்த மட்டும் கனமாக உட்கார்ந்திருந்தார்கள். மாதம்மாள் செங்கோடனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். டிரைவர் முதல் கியரைப் போட்டார். வேன் ஒரு முழம் ஏறியது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது பாருங்கள், அப்பப்பா! பிரசவ வலி கண்ட எருமை மாதிரி.

செங்கோடனுக்கு எந்த இன்ஜின் முனகினாலும் தாங்காது. அது யாருடையது, எதற்கு வந்தது என்றெல்லாம் அந்த நேரத்தில் தோன்றாது. கதவைத் திறந்து குதித்தான். அவன் குதித்ததைப் பார்த்ததும் காளியாயி இறங்கினாள். அவள் இறங்கியதும் மொத்த வேனும் இறங்கியது. "பலாப்பழத்த எறக்கு, பாவம்" என்றாள் ஒருத்தி. பின்சக்கரத்துக்கு யாரோ கல் வைத்தார்கள். செங்கோடன் பின்கதவில் தோளைக் கொடுத்து, "அட, நிக்கறீங்களே, தள்ளுங்க!" என்று கத்தினான். காளியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் முட்டுக்கொடுத்தாள். நாலு தோசையின் பலமும் மலைவேந்தனுக்குக் கிடைத்தது.

வேன் ஜம்மென்று உச்சிக்குப் போய் நின்றது. கைதட்டல் கேட்டது. கேமரா மின்னியது. அப்போதுதான் செங்கோடனுக்கு உறைத்தது.

"அய்யோ, என்ன காரியம் பண்ணீட்டேன்!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தான். மாதம்மாள் அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். தன் கையிலும் வேனின் கரி அப்பியிருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

வெங்கடாசலம் அங்கேயே ஒரு கல்லின் மேல் ஏறிப் பேசினார். "சோதனை மாபெரும் வெற்றி! மலைவேந்தன் எவ்வளவு சிறந்த வாகனம் என்றால், பயணிகள் உள்ளே இருக்க வேண்டிய அவசியமே இல்லை! மக்கள் தாமாகவே முன்வந்து அரசின் திட்டத்துக்குத் தோள் கொடுத்ததை என் கண்ணால் கண்டேன்."

"அது சும்மா பழக்கத்துல பண்ணுனதுங்க சார்" என்று செங்கோடன் கெஞ்சினான். "கணக்குல சேக்காதீங்க."

"தன்னடக்கம்!" என்றார் வெங்கடாசலம். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் என்ன! ஜீப்பின் மேல் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு, வீட்டு வாசலில் நிறுத்தி, தொடக் கூடாது என்றார்கள். செங்கோடன் மலைவேந்தனுக்கு டிரைவரானான். அது நாள் தவறாமல் முக்கல் மேட்டில் நின்றது. ஜனங்கள் நாள் தவறாமல் தள்ளினார்கள். ஆய்வுக்கு வந்த வெங்கடாசலம் இதைப் பார்த்து மெய்சிலிர்த்துப்போனார். தள்ளுகிறவர்களுக்குத் 'துணை உந்துநர்' என்று பதவிப் பெயர் கொடுத்தார். ஆளுக்கொரு பளபளக்கும் பச்சைச் சட்டை கொடுத்தார். சம்பளம்? அது இரண்டாம் கட்டத்தில். காளியாயிக்கு 'முதுநிலைத் துணை உந்துநர்'. சந்தைக்குப் போகிறவள் தன் கொய்யாக் கூடை இருக்கும் வேனைத் தானே தள்ளிக்கொண்டு போவது வேலைவாய்ப்பு ஆகும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

கூட வந்திருந்த லூர்துராஜ் வேனுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இதை ஒரு மத்தியானத்துல சரிபண்ணிடலாம் சார்" என்றார்.

வெங்கடாசலம் பதறிப்போனார். "என்ன பேசறீங்க லூர்துராஜ்! சரிபண்ணிவிட்டால் தள்ளுகிற இத்தனை பேருக்கும் வேலை போய்விடாதா? நாம் வேலையைப் பாதுகாக்க வந்தவர்கள். உங்களுக்கு மனிதாபிமானமே இல்லையா?"

லூர்துராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் இயக்ககத்துக்கே மிச்சமிருக்கும் ஒரே தொழிலாளி. அவரையும் இழக்க முடியாது பாருங்கள்.

இப்படியாக நசுக்கும் நாள் வந்தது. கீழே சேலம் ரோட்டோரம் புதிதாக ஒரு நசுக்கு நிலையம் திறந்திருந்தார்கள். செங்கோடனின் ஜீப்தான் முதல் போணி. பழமையைப் புதுமை இழுத்துச் செல்கிறது என்பதைக் காட்ட, ஜீப்பைக் கயிறு கட்டி மலைவேந்தன் இழுத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இயக்குநர் அதில்தான் வருவேன் என்று தன் காரை முதல் நாளே கீழே அனுப்பிவிட்டார். அது அப்படியே சென்னைக்கு சர்வீஸுக்குப் போய்விட்டது. வீட்டு வாசலிலிருந்து ஒண்டிக்கடை வரை ஜீப்பை இழுத்து வந்த மலைவேந்தன் அங்கே நின்றதோடு சரி, மறுபடி கிளம்பவில்லை. தள்ளினார்கள். கிளம்பவில்லை. பச்சைச் சட்டைகள் எல்லாம் நனைந்து போனதுதான் மிச்சம்.

வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். மேலிடத்துக்குப் படம் போயாக வேண்டும். "வேறு வழியில்லை. ஜீப்பிலேயே போய்விடலாம்" என்றார். ஜீப்பின் முன்சீட்டில் ஏறினார். பின்னால் லூர்துராஜும், மாதம்மாளும், காளியாயியும், கடைசியாக ஒருதரம் ஜீப்பைப் பார்க்கணும் என்று வந்த மஞ்சக்குட்டைப் பெண்களும் நெருக்கியடித்து ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் ஜீப் தாலாட்டுகிற மாதிரி இறங்கியது. வெங்கடாசலம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அடிவாரத்தில் விழித்து, "நல்ல சொகுசு" என்றார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நசுக்கு நிலையத்தில் ரிப்பன் கட்டியிருந்தது. நடுவில் மலை மாதிரி இயந்திரம். அதுவும் அந்தக் கம்பெனி செய்ததுதான். கார் விற்காமல் கஷ்டப்படுகிறார்களே என்று, காரை நசுக்கும் இயந்திரம் செய்ய அரசே ஆர்டர் கொடுத்திருந்தது. கேமராக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து தயாராக நின்றார். வெங்கடாசலம் லூர்துராஜுக்கு வழக்கமான மாலையைப் போட்டு, ரிப்பனை வெட்டி, "இந்த மலைப்பாதைக்குத் தகுதியற்ற இந்த வாகனம்…" என்று, அந்த மலைப்பாதையில் அந்த வாகனத்தில் தூங்கி வந்த வாயாலேயே ஒரு நீண்ட உரை ஆற்றினார். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

லூர்துராஜ் போய்ப் பார்த்தார். "பேட்டரி இறங்கிப்போச்சு சார்."

"வேறு பேட்டரி?"

"இங்க ஏது சார்?"

வெங்கடாசலம் சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை ஜீப்பின் மேல் போய் நின்றது. முகம் மலர்ந்தது. "அட, இதில் இருக்கிறதே! செங்கோடன், உங்கள் ஜீப்பிலிருந்து ஒரு ஒயர் கொடுங்கள். இயந்திரம் கிளம்பியதும் உடனே நசுக்கிவிடலாம்."

"சரிங்க" என்றான் செங்கோடன்.

பழக்க தோஷம். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. பானட்டைத் திறந்தான். ஒயரை எடுத்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். இன்ஜின் இன்னும் சூடாக இருந்தது. அவன் அப்பன் கையால் சுற்றின துணி ஒரு குழாயில் அப்படியே இருந்தது. மூக்குக்கு நேராக அந்தச் சூடு அடித்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அந்த மேட்டில் இதே கைதானே போய் முட்டுக்கொடுத்தது! இன்னும் எத்தனை தரம்தான் கொடுக்கும்? தன் மேலேயே அவனுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஒயரைச் சுருட்டிச் சீட்டுக்கடியில் போட்டான். பானட்டைச் சாத்தினான்.

"ஆவாதுங்க" என்றான்.

மாதம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன?" என்றார் வெங்கடாசலம்.

"ஆவாதுங்க சார். என்ற வண்டிய நசுக்க என்ற வண்டியே பேட்டரி குடுக்காதுங்க."

"இது அரசு ஆணை!"

"இருக்கட்டுங்க. ஆணையில பேட்டரி இருந்தா அதுலயே மாட்டிக்குங்க." இவ்வளவும் பேசிவிட்டு, சட்டென்று ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறிக்கொண்டான். "அக்கா, ஏறுங்க. ஊட்டுக்குப் போலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் எல்லாம் ஏறியாயிற்று. காளியாயி குலவை போட்டாள். லூர்துராஜ் கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றி, அதை இயந்திரத்துக்கே போட்டுவிட்டு, ஓடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ப்பக்கம் கதவு மாட்டற வேலை ஏதாவது கிடைக்குமாங்க?"

"நம்ம ஜீப்புக்கே அந்தப் பக்கம் கதவு கெடையாதுங்க" என்றான் செங்கோடன். "வாங்க, மொதல்ல அத மாட்டுங்க."

லூர்துராஜ் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் செங்கோடன் பார்த்தான்.

கேமராக்காரர் படம் கிடைக்காத கோபத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உச்சி வெயில். வெங்கடாசலம் கிளம்பாத இயந்திரத்தைப் பார்த்தார்; ஆள் நடமாட்டமில்லாத ரோட்டைப் பார்த்தார்; சலவை மடிப்பு கலைய ஜீப்பை நோக்கி ஓடி வந்தார்.

"செங்கோடன்! என் பெட்டி, படுக்கை எல்லாம் மேலேதான் இருக்கிறது. நான் எப்படிப் போவது?"

செங்கோடன் திரும்பிப் பார்த்தான். என்ன இருந்தாலும் ஒரு மனுசனை வெயிலில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. "உள்ள எடமில்லீங்க சார்" என்றான். "பின்னாடி பம்பர்ல ஏறி நின்னுக்குங்க."

அவர் ஏறி நின்றார். காளியாயி அவருக்கு ஒரு கொய்யாப்பழம் நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜீப் உறுமிக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவருடைய செல்போன் அடித்தது. மேலிடம். ஒரு கையால் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, காற்றையும் மீறிக் கத்தினார்:

"ஆமாம் சார்! நசுக்கியாச்சு சார்! ஒரு ஆணிகூட மிச்சமில்லை சார்!"

செங்கோடன் கியரை மாற்றிக்கொண்டே தலையை வெளியே நீட்டினான்.

"ரெண்டு கையிலயும் கம்பியப் புடிச்சுக்குங்க சார். மொத வளைவு வருது."